செவந்தி கை வைத்தால்

கீரனூரில் திருச்சி சாலையை ஒட்டி, ஒரு உரக்கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில் செவந்தியின் கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. சின்னக் கடைதான். வருகிறவர் உட்காரும் நாற்காலி அங்கே மேசைக்கு எதிர்ப்பக்கம் கிடையாது. செவந்தியின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கும். கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்புகிறவர்களை அவள் விடுவதில்லை.

"உக்காருங்க. ஒங்க பொட்டியைத் தொறக்கிறப்ப நீங்க பக்கத்துல இருக்கணும். இல்லாட்டி நாளைக்கு வாங்க."

இதற்காகவே கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. செவந்தி அசையமாட்டாள். அந்தப் பிடிவாதம் அவளுக்கு ஒரு அடிதடியிலிருந்து வந்தது.

அவளுடைய அப்பா பிச்சை, கல்குவாரியில் வெடி வைக்கிறவராக இருந்தார். திரியைப் பற்றவைத்துவிட்டு, பள்ளத்தில் நிற்கிற ஆட்களை ஓடச் சொல்லிக் கத்துவது அவர் வேலை. அந்தக் குரல் அப்படியே மகளுக்கு வந்திருந்தது. கோபமும் அவரிடமிருந்து வந்ததுதான். வீட்டில் சோற்றுத்தட்டு பறந்த நாட்கள் நிறைய. அம்மா மருதாயி குனிந்து தப்பிக்கப் பழகியிருந்தாள். செவந்தி குனியமாட்டாள், பறந்து வந்த தட்டை எடுத்துத் திருப்பி எறிவாள். பள்ளிக்கூடத்தில் ஜடையை இழுத்த பையனின் காதைக் கடித்ததற்காக மருதாயியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடிக்கும்வரை இப்படி எத்தனையோ பஞ்சாயத்து.

பிறகு திருச்சியில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். கீரனூரிலிருந்து தினமும் பஸ். காலையில் நின்றுகொண்டே போய், இரவு நின்றுகொண்டே வருவாள். வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அடைத்துப்போன ஃபேனைக் கழற்றித் தூசியை ஊதி, மறுபடி மாட்டும்போது அது சத்தமில்லாமல் சுற்றும். அந்த அமைதிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அங்கே உடன் வேலை பார்த்த ஒருவன், பழுதுபார்க்க வந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் லேப்டாப்பிலிருந்து அவளுடைய படங்களைத் தன் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்ததை செவந்தி ஒருநாள் பார்த்துவிட்டாள். "என்னடா பண்ணுற?" என்று கேட்டாள். அவன் சிரித்தான். "நீயும் பாக்குறியா?" என்றான். அவன் கை மேசையின் திறந்திருந்த இரும்பு டிராயர் விளிம்பில் இருந்தது. செவந்தி முழங்காலால் டிராயரை இடித்து மூடினாள். விரல்கள் உள்ளே மாட்டின. அவன் அலறினான். அவள் காலை எடுக்கவில்லை. இரண்டு பேர் வந்து அவளை இழுத்த பிறகுதான் டிராயர் திறந்தது.

அவனுக்கு இரண்டு விரல் எலும்பு முறிவு. அவளுக்கு வேலை போனது. அந்தப் பெண்ணுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. செவந்தியே அவள் எண்ணைத் தேடிக் கூப்பிட்டுச் சொன்னாள். அதன் பிறகுதான் சொந்த ஊரிலேயே கடை போட்டாள். பக்கத்தில் நாற்காலியும் போட்டாள்.

கொரோனா வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்த காலத்தில் அவளுக்கு வேலை பெருகியது. அதுவரை சீரியல் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் இருந்த கம்ப்யூட்டர்களில் பிள்ளைகளின் பாடமும் பெரியவர்களின் சம்பளமும் ஓட வேண்டியிருந்தது. செவந்தி ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போனாள். கேபினட்டைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை இருக்கும், எறும்புப் புற்று இருக்கும். வோல்டேஜ் குறைந்து ஏறுகிற ஊர், யூ.பி.எஸ் இல்லாமல் ஓட்டி போர்டைக் கருக்கியிருப்பார்கள். திருட்டு விண்டோஸ் போட்டு வைரஸை விருந்துக்குக் கூப்பிட்டிருப்பார்கள். எல்லா வீட்டிலும் அவள் ஒரே பாட்டைத்தான் பாடுவாள்: அப்டேட் வந்தால் போட்டுவிடுங்கள், முக்கியமானதை இன்னொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள், பாஸ்வேர்டைக் காலண்டரில் எழுதி வைக்காதீர்கள், அது மாறினால் தகவல் போகிற போன் எண் யாருடையது என்று முதலில் பாருங்கள்.

ரம்யாவின் வீட்டுக்கு அவள் போனது அப்படியொரு நாளில்தான். குளத்தூர் போகிற சாலையில் புதுப் பிளாட்டுகளுக்கு நடுவே தனியாக நிற்கிற வீடு. ரம்யாவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஒரு ஆஸ்பத்திரியின் பில்களைச் சரிபார்த்து அனுப்புகிற வேலையை வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தாள். கணவன் முத்துராமன் போர்வெல் வண்டி வைத்து ஊர் ஊராகக் கிணறு போடுகிறவன். அவன்தான் செவந்தியை போனில் கூப்பிட்டிருந்தான். "கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்காம்மா. போயி என்னன்னு பாரு."

உண்மையிலேயே படுத்துக் கிடந்தது. மவுஸை நகர்த்தினால் அம்பு யோசித்துவிட்டு நகர்ந்தது. ஃபேன் லாரி மாதிரி இரைந்தது. தூசியெல்லாம் துடைத்த பிறகும் இரைச்சல் குறையவில்லை. டிஸ்க் ஏன் நிரம்பி வழிகிறது என்று தேடிக்கொண்டே போனவளுக்கு, ஒளித்து வைத்திருந்த ஒரு ஃபோல்டர் கிடைத்தது. உள்ளே ஆயிரக்கணக்கில் படங்கள். எல்லாம் அந்தத் திரையின் படங்கள். ரம்யா அடித்த ஒவ்வொரு எழுத்தும் இருந்தது. ஒலிப்பதிவுகளும் இருந்தன. எல்லாவற்றையும் பிடித்து யாருக்கோ அனுப்புவதற்காக ஒரு புரோகிராமைப் போட்டிருந்தார்கள். அந்த வீட்டில் நெட் மந்தம். அனுப்ப முடியாமல் தேங்கித் தேங்கி டிஸ்க் நிறைந்துபோயிருந்தது.

செவந்தி வாயைத் திறக்கப் போய், மூடிக்கொண்டாள். மைக் இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"கொஞ்சம் தண்ணி குடுங்களேன். வேணாம், நானே வாரேன்" என்று சொல்லிக்கொண்டே ரம்யாவைப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கு அழைத்துப் போனாள். அங்கே தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள்.

ரம்யா அதிர்ச்சி அடையவில்லை. எங்கோ வலித்துக்கொண்டிருந்த இடத்தை மருத்துவர் சரியாகத் தொட்டது போல அவள் முகம் சுருங்கியது.

"அதான்... நான் எங்க அம்மாகிட்ட பேசுனதை எல்லாம் வார்த்தை மாறாம திருப்பிச் சொல்லுவாருக்கா. நான் தூக்கத்துல ஒளர்றேன் போலன்னு நெனச்சேன். பைத்தியம் புடிக்குதோன்னு நெனச்சேன்."

"சொல்லிட்டு என்ன பண்ணுவான்?"

ரம்யா தலை குனிந்து உச்சி முடியை விலக்கினாள். உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. தோல் சிவந்து, சில இடங்களில் பொருக்குத் தட்டியிருந்தது. பிறகு நைட்டியின் கையை ஏற்றினாள். சூடான தோசைக்கரண்டியின் நுனி அளவுக்குப் பழைய தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

செவந்தி, "இப்பவே அதைப் பிடுங்கி எறியுறேன். வா" என்று திரும்பினாள். ரம்யா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்கக்கா. எடுத்தா அவருக்குத் தெரிஞ்சுரும். நீங்க எடுத்துட்டுப் போயிருவீங்க. நான் இங்கிட்டுதான இருக்கணும்."

செவந்தி வாழ்க்கையில் கோபத்தை விழுங்கிய நாட்கள் குறைவு. அன்று விழுங்கினாள். உள்ளே போய், தேங்கியதில் கொஞ்சத்தைக் குறைத்து டிஸ்க்குக்கு மூச்சு விட இடம் கொடுத்தாள். புரோகிராமைத் தொடவில்லை. பிறகு மைக் கேட்கும்படி முத்துராமனுக்கு போன் போட்டாள்.

"ஹார்ட் டிஸ்க் வீக்காயிருச்சுண்ணே. புதுசு மாத்தணும். இங்க வச்சுச் செய்ய முடியாது, கடைக்குக் கொண்டாங்க. ஆனா வேலை முடியுற வரைக்கும் ஒங்க வீட்டு ஆளு பக்கத்துல உக்காந்திருக்கணும். நான் தனியா வாங்கி வச்சுக்கிறது இல்லை."

"எனக்கேதும்மா நேரம்? நான் அவளை அனுப்புறேன்" என்றான் முத்துராமன்.

இப்படித்தான் ரம்யா கடைக்கு வந்தாள். கணவனே வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவான், திரும்ப வந்து ஏற்றிக்கொள்வான். புது டிஸ்க் திருச்சியிலிருந்து வரவேண்டும், பழையதிலிருந்து எல்லாம் மாற நேரமாகும் என்று செவந்தி வேலையை இழுத்தாள். ரம்யாவின் கம்ப்யூட்டர் ஒரு மூலையில் சும்மா கிடக்க, ரம்யா செவந்தியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். புதிதாக ஒரு மெயில் முகவரி திறந்தாள். ஓசூரில் இருந்த தன் அண்ணனுக்கு, கல்யாணமான பிறகு முதல்முறையாக, யாரும் ஒட்டுக்கேட்காமல் எழுதினாள். அலுவலகத்துக்கு எழுதி, திருச்சி ஆபீஸிலேயே வந்து வேலை பார்க்க முடியுமா என்று கேட்டாள். எழுதும்போது அவள் தோள்கள் காதுவரைக்கும் தூக்கியே இருக்கும். செவந்தி பார்த்துக்கொண்டே வேறு ஏதாவது வேலை செய்வாள்.

அண்ணன் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் பழைய மெயிலில் இருந்த சான்றிதழ் நகல்களை எல்லாம் புதியதுக்கு மாற்றினார்கள். முடிந்ததும் செவந்தி, "பழசையும் பூட்டிருவோம். இனிமே அவன் எட்டிப்பாக்கக் கூடாது" என்று சொல்லி அதன் பாஸ்வேர்டை மாற்ற வைத்தாள்.

அங்கேதான் தவறு நடந்தது. பாஸ்வேர்டு மாறினால் தகவல் போகிற போன் எண் யாருடையது என்று செவந்தி பார்க்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் முதலில் அதைப் பாருங்கள் என்று சொல்கிறவள், அன்றைக்கு அவசரத்தில் விட்டுவிட்டாள். அந்த எண் முத்துராமனுடையது. அன்னவாசல் பக்கம் கிணறு போட்டுக்கொண்டிருந்தவனின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது.

ரம்யா கிளம்பவில்லை. அவன் வந்து ஏற்றிப்போகும் நேரத்துக்காகக் காத்திருந்தாள். செவந்தி ஒரு லேப்டாப்பின் சார்ஜர் முனையைப் பற்றவைப்பதற்காக சால்டரிங் ராடைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு வண்டி பிளாட்பாரத்தில் ஏறி நின்ற சத்தம் கேட்டது. ரம்யாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். அவள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

முத்துராமன் கையில் வண்டியைத் தூக்குகிற ஜாக்கியின் இரும்பு ராடு இருந்தது. உள்ளே வந்ததும் முதல் அடி மானிட்டரில் விழுந்தது. இரண்டாவது அடி செவந்தியின் அலமாரியில். கண்ணாடியும் போர்டுகளும் தரையில் கொட்டின. பிறகு ராடை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் ரம்யாவின் முடியைப் பிடித்துத் தரையோடு இழுத்தான். கண்ணாடித் துண்டுகள் மேல் அவள் முழங்காலும் முகமும் தேய்ந்து போயின. அவள் கத்தவில்லை. அதுதான் செவந்திக்கு எப்போது நினைத்தாலும் தாங்காது. அவள் கத்தவே இல்லை.

"விடுறா அவளை!"

குவாரியில் பிச்சை கத்துகிற குரல் அது. உரக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே ஓடிவந்தார்கள். முத்துராமன் திரும்பினான்.

"ஒன்னாலதான்டி எல்லாம். எம் பொண்டாட்டிக்கு என்னடி சொல்லிக் குடுக்குற?"

ராடு அவள் தலைக்குத்தான் வந்தது. செவந்தி இடது கையைக் குறுக்கே கொடுத்தாள். எலும்பு முறிந்தது அவளுக்கே கேட்டது. கை ஒரு பக்கமாகத் தொங்கியது. இரண்டாவது அடி விரல்கள் மேல் விழுந்தது. மேசை மேல் சாய்ந்தவளின் வலது கைக்கு சால்டரிங் ராடின் கைப்பிடி தட்டுப்பட்டது.

அவள் அதை அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

தோல் பொசுங்கிய நாற்றம் கடை முழுக்கப் பரவியது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் போனான். அவள் விடாமல் கழுத்தில் குத்தினாள், காதுக்குக் கீழே குத்தினாள், வயர் இழுபட்டுப் பிளக்கிலிருந்து கழன்று வரும்வரை குத்தினாள். அவன் கையிலிருந்து ஜாக்கி ராடு நழுவியது. நாற்காலி தடுக்கி மல்லாக்க விழுந்தான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். செவந்தி குனிந்து ஜாக்கி ராடை எடுத்தாள். ஒற்றைக் கையால் ஓங்கி அவன் முழங்காலில் போட்டாள். அவன் அம்மா என்று அலறினான். மறுபடி போட்டாள். அவன் கைகளைத் தூக்கி, "வேணாம், வேணாம்" என்றான். அவள் விலாவில் போட்டாள். வாசலில் கூட்டம் நின்றது. பல கைகளில் போன் உயர்ந்திருந்தது. உள்ளே வர யாரும் துணியவில்லை.

பின்னாலிருந்து யாரோ இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். செவந்தி திரும்பி, அந்த ஆளையும் அடிக்க ராடை ஓங்கினாள். ரம்யா. முகமெல்லாம் ரத்தம்.

"அக்கா, போதும். செத்துருவான். போதும்க்கா."

ஓங்கிய கை கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. பிறகு ராடு கீழே விழுந்தது. செவந்தி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர்கள் மூன்று பேரும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள். மருதாயி ஆலங்குடிப் பக்கம் தங்கச்சி வீட்டில் கடலை பறிக்கப் போயிருந்தவள், மண் ஒட்டிய சேலையோடு பஸ் ஏறி வந்தாள். வார்டுக்குள் நுழைந்ததும் மகளின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"எந்தக் கை? எடதா? சாமி காப்பாத்துச்சு" என்றவள், கட்டிலில் உட்கார்ந்து சட்டென்று மகள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு அதே கன்னத்தைத் தடவிக்கொண்டு அழுதாள். "ஒங்கப்பன் தட்டை எறிஞ்சப்பவே ஒன்னைக் குனியச் சொன்னேன். ஒருநாளாச்சும் குனிஞ்சியாடி?"

"குனிஞ்சிருந்தா தலை போயிருக்கும் ஆத்தா."

மருதாயி மறுபடி அறையப் போய், விட்டுவிட்டாள்.

செவந்தியின் முன்கையில் தகடு வைத்தார்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் பிறகு மடங்கவே இல்லை. முத்துராமனுக்கு முழங்கால் சில்லு நொறுங்கியிருந்தது. கன்னத்தில் கருகிய கோடு. இரண்டு பக்கத்துக்கும் வழக்குப் பதிவானது. அவன் மேல் ஒன்று, செவந்தி மேல் ஒன்று. கூட்டம் எடுத்த வீடியோக்களில் முக்கால்வாசி செவந்தி அடிப்பதிலிருந்துதான் ஆரம்பித்தன. ஊரில் சில நாளைக்கு அதைத்தான் பார்த்தார்கள்.

ரம்யாவை அவள் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்தே ஓசூருக்கு அழைத்துப் போனார். பிறகு பல மாதம் அவளிடமிருந்து போன் இல்லை. செவந்தியும் கூப்பிடவில்லை. ஒற்றைக் கையால் ஸ்க்ரூ கழற்றப் பழகிக்கொண்டிருந்தாள். தகடு வைத்த கை குளிரில் குடையும். தூங்கினால் கனவில் முழங்கால் நொறுங்குகிற சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டு அவள் பயந்து எழுவதில்லை. இன்னும் ஒரு அடி போடாமல் விட்டேனே என்ற ஆத்திரத்தோடுதான் எழுவாள். எழுந்து உட்கார்ந்த பிறகுதான் தன்னை நினைத்து அவளுக்குப் பயம் வரும்.

முத்துராமனின் சித்தப்பா ஒருவர் சமாதானம் பேச வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"நீங்க கேஸை விட்டுட்டா நாங்களும் விட்டுர்றோம்மா. ரெண்டு பக்கமும் அடி. கோர்ட்டுக்கு அலைஞ்சு என்னத்தைக் காணப் போறோம்? அந்தப் புள்ளையே ஒண்ணும் சொல்லாம ஊருக்குப் போயிருச்சு. நீங்க எதுக்கு?"

செவந்திக்கு ஆசை வந்தது. தன் மேல் இருந்த வழக்கு அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. ஒரு நாள் டயம் கேட்டாள். அன்று சாயங்காலம் மூலையில் கிடந்த ரம்யாவின் பழைய டிஸ்க்கை மேசையில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை ஓட்டிப் பார்க்கவில்லை. உள்ளே என்னென்ன குரல் இருக்கும் என்று தெரியும். மறுநாள் காலையில் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினாள். சித்தப்பாவுக்கு போன் போட்டு, முடியாது என்றாள்.

விசாரணை கீரனூர் கோர்ட்டில் நடந்தது. சாட்சி சொல்ல ரம்யா வருவாளா என்று செவந்தியின் வக்கீல் புவனேஸ்வரிக்கே நம்பிக்கை இல்லை. ரம்யா வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கூண்டில் ஏறி, முத்துராமன் இருந்த பக்கம் திரும்பாமல், உச்சந்தலையில் தொடங்கி ஒவ்வொரு தழும்பும் எப்போது எதற்காக வந்தது என்று சொன்னாள். அம்மாவிடம் காய்ச்சல் என்று சொன்னதற்கு ஒன்று. அண்ணன் பிறந்தநாளுக்கு வாழ்த்து எழுதியதற்கு ஒன்று. குரல் நடுங்கவில்லை. 

செவந்தியின் முறை வந்தபோது முத்துராமனின் வக்கீல் அடித்த இடத்திலேயே அடித்தார்.

"அவர் கீழ விழுந்துட்டார். கையில ஆயுதம் இல்லை. வேணாம்னு கெஞ்சுறார். வீடியோவுல தெளிவா இருக்கு. அதுக்கப்புறமும் ஏம்மா அடிச்சீங்க?"

புவனேஸ்வரி முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தார்: மறுபடி எழுந்து அடிப்பானோ என்று பயந்தேன் என்று சொல். செவந்தி வாயைத் திறந்தாள்.

"முதல்ல பயந்துதாங்க அடிச்சேன். கீழ விழுந்ததுக்கப்புறம் பயம் இல்லைங்க. கொல்லணும்னு இருந்துச்சு."

புவனேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டார்.

தீர்ப்பு வர வருஷங்கள் ஆயின. முத்துராமனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். தாங்கித் தாங்கி நடக்கிறான், கிணறு போடுகிற வேலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டான் என்று கேள்வி. செவந்தியின் வழக்கில், அவன் விழும்வரை அடித்தது உயிரைக் காத்துக்கொள்ள, விழுந்த பிறகு அடித்தது குற்றம் என்று தீர்ப்பானது. சிறை இல்லை. இனி அடிதடிக்குப் போகமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். கையெழுத்துப் போடும்போது அவள் அழுதாள். அநியாயம் என்று அழுவதாக மருதாயி நினைத்து நீதிபதியைத் திட்டினாள். செவந்தி திருத்தவில்லை. நீதிபதி சரியாகப் பிரித்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. எந்த அடியோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரம்யா கடைக்கு வந்தாள். திருச்சியில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். கையில் அட்டைப்பெட்டி பிரிக்காத ஒரு லேப்டாப்.

"புதுசு வாங்குனேன்க்கா. நீங்கதான் செட் பண்ணித் தரணும்."

செவந்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள். ரம்யா உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லவா? தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லு."

"அன்னைக்கு நீங்க என்னைப் பாத்து ராடை ஓங்குனீங்கல்ல. ஒங்க மொகம் அவரு மொகம் மாதிரியே இருந்துச்சுக்கா. அதான் இத்தனை நாளா போன்கூடப் பண்ணலை. ஒங்களாலதான் உயிரோட இருக்கேன். ஆனா பயமா இருந்துச்சு."

பேக்கரியிலிருந்து பன் வேகிற வாசனை வந்துகொண்டிருந்தது. செவந்தி நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரல்களை மறு கையால் பிடித்து மடக்கப் பார்த்தாள். அவை திரும்ப நிமிர்ந்துகொண்டன.

"இப்பவும் இருக்கா?"

ரம்யா யோசித்தாள். "கொஞ்சம்" என்றாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

செவந்தி பெட்டியைப் பிரித்தாள். அப்டேட் எல்லாம் ஏறி முடிய வெகு நேரம் ஆனது. தகவல் போகிற போன் எண் யாருடையது என்று இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்தாள். கடைசியில் பாஸ்வேர்டு கேட்டுத் திரை நின்றது. லேப்டாப்பை ரம்யா பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீயே போடு. நீளமா போடு. எங்கிட்டகூடச் சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டு நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு எழுத்தாக விழுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. ரம்யா நிதானமாக அடித்துக்கொண்டிருந்தாள். அவளாக முடிந்தது என்று சொல்லும்வரை செவந்தி திரும்பவில்லை.